புர்ஜ் கலீஃபா: 124ஆ, 148ஆ?

பாலைக்குருவி | 14 நவம்பர், இரவு 9.12

துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரத்தில் 124, 148ஆம் மாடிகளில் ஊரைப் பார்க்கும் தளங்கள் இருக்கின்றன. அதில் 124ஆம் மாடி டிக்கெட் காசுக்குப் பிடித்த கேடு என்பது என் கட்சி. அவ்வளவு தூரம் போய்ப் பாதியில் நிற்பானேன்? 148க்குப் போனால் பேரீச்சை மர வடிவச் செயற்கைத் தீவான பாம் ஜுமேரா முழு மரமாகத் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் ஈரான் கரையும் தெரியும். கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை என்று சூரிய அஸ்தமனத்தை இரண்டு முறை பார்க்கலாம் என்றும் சொல்கிறார்கள். டிசம்பரில் போகிறவர்கள் யோசிக்காமல் 148 எடுக்கலாம்தானே? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

அளவுகோல் | 14 நவம்பர், இரவு 10.40

காரணம் கேட்டீர்கள், கணக்காகவே தருகிறேன்.

124 இருப்பது 452 மீட்டரில். 148 இருப்பது 555 மீட்டரில். வித்தியாசம் 103 மீட்டர். தொடுவானம் எவ்வளவு தூரம் என்பதற்குச் சுலபமான சூத்திரம் இருக்கிறது: உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 124இலிருந்து 76, 148இலிருந்து 84. வர்க்கமூலம் என்பதால் ஏற ஏற ஆதாயம் குறைந்துகொண்டே போகும். அந்த எட்டு கிலோமீட்டரும் கடலிலோ மணலிலோதான் இருக்கும். துபாயில் தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து பார்வையை 15, 20 கிலோமீட்டரில் நிறுத்திவிடும் நாட்கள் ஏராளம். அந்த நாட்களில் 76க்கும் 84க்கும் வித்தியாசமே இல்லை.

எந்த மாடி என்பது மூன்றாவது கேள்வி. எந்த நாள், எந்த மணி என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள்.

அளவுகோல் | 14 நவம்பர், இரவு 11.05

பாம் விஷயத்தை விட்டுவிட்டேன். புர்ஜிலிருந்து பாம் ஜுமேரா தென்மேற்கே சுமார் 16 கிலோமீட்டர். 452 மீட்டரிலிருந்து அதைப் பார்க்கும் கோணம் கிடைமட்டத்துக்குக் கீழே ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல்தான். தீவின் அகலம் 5 கிலோமீட்டர் என்று வைத்தாலும் கண்ணுக்கு மேலும் கீழுமாக அது பிடிக்கும் இடம் அரை டிகிரி, அதாவது முழு நிலாவின் விட்டம். 148இல் அது 0.6 டிகிரி ஆகும். இரண்டு மாடியிலிருந்தும் நடுவில் கட்டடங்கள் முளைத்த ஒரு பட்டைக்கோடுதான் தெரியும். சுவரொட்டிகளில் வரும் மரவடிவப் படம் விமானத்திலிருந்தோ ஹெலிகாப்டரிலிருந்தோ எடுத்தது.

மரமாகவே பார்க்க வேண்டும் என்றால் அந்தத் தீவிலேயே பாம் டவரின் 52ஆம் மாடியில் 240 மீட்டரில் ஒரு பார்வைத் தளம் இருக்கிறது, தி வியூ. உயரம் புர்ஜ் தளத்தில் பாதிதான். ஆனால் கிளைகள் காலடியிலேயே விரிவதால் அதிகச் சரிவில் கீழே பார்க்கிறீர்கள். உயரத்தை விடக் கோணம் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் துபாயில் கிடையாது.

மஞ்சள்வெயில் | 15 நவம்பர், காலை 6.50

உலக வரைபட வடிவில் கடலில் கட்டிய வேர்ல்டு தீவுகளும் அப்படித்தான். மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கடலில் சிந்திய புள்ளிகள் மாதிரி இருக்கும். உலக வரைபடத்தைத் தேடிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

நேரே கீழே பாருங்க. காசு கொடுத்ததுக்கு அதுதான் பலன். ஷேக் சயீத் சாலையின் மேம்பாலச் சுருள், ஏரி, நாற்பது ஐம்பது மாடிக் கட்டடங்களின் மொட்டைமாடிகள். இதெல்லாம் 124இல் 148ஐ விடப் பெரிசாவே தெரியும். நம்பாதவங்க இரண்டு மாடியிலும் ஒரே லென்ஸில் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பாருங்க.

பாலைக்குருவி | 15 நவம்பர், காலை 8.15

சரி, பாம் போனது. ஈரான்?

அளவுகோல் | 15 நவம்பர், மதியம் 1.20

ஈரானின் எதிர்க்கரை துபாயிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். காற்றில் ஒளி சற்று வளைவதால் சூத்திரத்தில் 3.57க்குப் பதில் 3.86 போடலாம். அப்படியும் 124இலிருந்து தொடுவானம் 82, 148இலிருந்து 91. கரை, வளைவுக்குப் பின்னால் போய்விடுகிறது. கரைக்குப் பின்னால் உள்ள மலைகளில் 350 மீட்டருக்கு மேற்பட்ட பகுதி மட்டும் வடிவக் கணக்கின்படி 124இன் பார்வைக்கோட்டுக்கு மேலே வரும். அது கண்ணில் பட, இடையிலுள்ள 150 கிலோமீட்டர் கடற்காற்றும் துடைத்த மாதிரி இருக்க வேண்டும். வளைகுடாவில் அது எத்தனை நாள் வாய்க்கும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 'ஈரான் தெரியும்' என்று டிக்கெட் விற்பவரிடம் எந்த மலை என்று கேளுங்கள்.

லிஃப்ட்காரன் | 15 நவம்பர், மாலை 4.33

இரண்டு அஸ்தமனக் கதை பொய் இல்லை. ஆனால் வரிசையில் நிற்கும் மனிதனுக்கு அது நடக்காது.

மேலே போகப் போகத் தொடுவானம் கீழே இறங்குது. 452 மீட்டரில் அந்த இறக்கம் முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. துபாய் அட்சரேகையில் சூரியன் அதைக் கடக்க இரண்டே முக்கால் நிமிஷம் ஆகும். 148இல் மூன்று நிமிஷம். இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை. 2011 ரமலானில், 80ஆம் மாடிக்கு மேலே குடியிருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிஷம் கூடுதலாகக் காத்திருக்கணும், 150க்கு மேலே மூன்று நிமிஷம் என்று துபாயின் மார்க்க அறிஞர் அறிவித்தார். கணக்கும் அறிவிப்பும் ஒத்துப்போகுது பாருங்க.

லிஃப்ட் வேகம் வினாடிக்கு 10 மீட்டர். வேகம் எடுக்கும், குறைக்கும் நேரத்தையும் சேர்த்து 124க்குச் சுமார் ஒரு நிமிஷம். ஆக, கீழே சூரியன் மறைந்த அதே நொடியில் உங்களுக்கென்று ஒரு லிஃப்ட் கதவைத் திறந்து வெச்சிருந்தால் மேலே ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் மிச்சம். அப்படித் திறந்து வைக்க நீங்க ஷேக் வீட்டு மாப்பிள்ளையா இருக்கணும்.

124இலிருந்து 148க்கு ஓடி மூன்றாவது அஸ்தமனம் பார்க்கலாமான்னு யாரும் கேட்கும் முன்னாடியே சொல்லிடுறேன்: இரண்டுக்கும் வித்தியாசம் இருபது வினாடிகூட இல்லை.

அளவுகோல் | 15 நவம்பர், மாலை 5.02

ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் சாய்வாக இறங்குவதால் 124இலேயே மூன்று நிமிடம் வரும். இரண்டே முக்கால் என்பது மார்ச், செப்டம்பர் கணக்கு. மற்றபடி சரி.

மஞ்சள்வெயில் | 15 நவம்பர், இரவு 9.48

மணி விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் காசை விடுறாங்க.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் நீங்க மேலே நிற்கும் நேரம் இல்லை. துபாய் மாலின் கீழ்த்தளத்தில் வரிசைக்குள் நுழையும் நேரம். அதுக்குப் பிறகு பை சோதனை, கண்காட்சி நடைபாதை, லிஃப்ட் வரிசை. கூட்டம் இல்லாத காலைவேளையில் இருபது நிமிஷம், சாயங்காலம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் என்று வெச்சுக்கங்க. டிசம்பர் ஆரம்பத்தில் அஸ்தமனம் 5.30 வாக்கில். 5 மணி ஸ்லாட் எடுத்தவர் லிஃப்ட் வரிசையில் நிற்கும்போதே சூரியன் போயிருக்கும். 3.30க்கும் 4க்கும் இடையில் எடுங்க. ஜூன் கடைசியில் அஸ்தமனம் 7.10ஐத் தாண்டும், அதுக்கேற்ப நகர்த்துங்க.

அஸ்தமனத்தை ஒட்டிய ஸ்லாட்டுக்குத் தனி விலை, கூடுதல் விலை. அது எந்த மணிக்குத் தொடங்குதுன்னு வாங்கும் பக்கத்திலேயே தெரியும். அதுக்குச் சற்று முந்தைய சாதா ஸ்லாட்டை வாங்கி, 124, 125 இரண்டிலும் நிதானமா சுற்றிக்கிட்டே காத்திருப்பதுதான் விவரம் தெரிஞ்சவங்க வழி. அங்கே மணி பார்த்து யாரும் இறக்கிவிடுறதில்லை. குடிக்கத் தண்ணி, பொறுமை இரண்டும் வேணும்.

பாலைக்குருவி | 15 நவம்பர், இரவு 10.10

அப்படியானால் நேரே போய்க் கவுன்டரில் வாங்கினால்?

லிஃப்ட்காரன் | 15 நவம்பர், இரவு 10.31

2010இல் திறந்தபோது முன்பதிவுக்கு 100 திர்ஹாம், உடனே உள்ளே போகணும்னா 400. விலைகள் எல்லாம் மாறிப்போச்சு, அந்தப் புத்தி மாறலை. அவசரத்துக்குத்தான் அங்கே விலை.

அளவுகோல் | 16 நவம்பர், காலை 7.05

ஆனால் பத்து நாளுக்கு முன்பே பதிவு செய்தால் தூசியில் மாட்டும் அபாயம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

விமான நிலைய வானிலைக் குறிப்பைப் பாருங்கள். 'மெட்டார்' என்பார்கள், துபாய் நிலையத்தின் குறியீடு ஓஎம்டிபி. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், குறைந்தது மணிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். காற்றின் திசை, வேகத்துக்குப் பிறகு வரும் நான்கு இலக்கம்தான் பார்வைத் தூரம், மீட்டரில். 9999 என்றால் 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ. 5000 என்றால் பாம் திசையில் வெறும் சாம்பல் திரைதான். 3000க்குக் கீழே போனால் கீழேயுள்ள ஏரியைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். எண்ணுக்குப் பின்னால் தூசிக்கும் மூடுபனிக்கும் தனித்தனிக் குறியெழுத்து வரும்.

முந்தைய மாலையிலும் அன்று காலையிலும் 9999 இருந்தால் அன்றைய மாலை ஸ்லாட்டை வாங்குங்கள். வார நாள் என்றால் பெரும்பாலும் கிடைக்கும். 2022 முதல் அமீரகத்தில் வார விடுமுறை சனியும் ஞாயிறும், வெள்ளி அரைநாள். பழைய குறிப்புகளை நம்பிச் 'சனி காலி, வெள்ளி கூட்டம்' என்று திட்டமிடாதீர்கள்.

அளவுகோல் | 16 நவம்பர், காலை 7.30

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 9999 என்பது குறைந்தபட்ச உத்தரவாதம் மட்டுமே. 11 கிலோமீட்டரும் 9999தான், 60 கிலோமீட்டரும் 9999தான். விமானிக்கு அது போதும், நமக்குப் போதாது. அதனால் கூடவே வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள், சாய்கோடு போட்டு இரண்டு எண்ணாக இருக்கும். இரண்டும் நெருங்கியிருந்தால் காற்றில் ஈரம் அதிகம், தூரம் மங்கும். 25/08 மாதிரி அகன்றிருந்தால் தைரியமாகப் போகலாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எல்லாவற்றையும்விட மேல். ஆகஸ்ட் பகல் எல்லாவற்றையும்விட மோசம்.

மஞ்சள்வெயில் | 16 நவம்பர், காலை 9.12

மூடுபனியை ஏன் திட்டுறீங்க? டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சில விடியல்களில் பனி தரையோடு தரையா படுத்திருக்கும். கோபுர நுனிகள் மட்டும் வெளியே தெரியும். அந்தப் படத்துக்காகவே காலை முதல் ஸ்லாட்டுக்கு அடிச்சுக்கறவங்க உண்டு. பனி உயர எழும்பித் தளத்தையே மூடிட்டா வெள்ளைச் சுவரைப் பார்த்துட்டு இறங்கணும். சூதாட்டம்தான்.

அளவுகோல் | 16 நவம்பர், காலை 9.40

சரி, படம் பிடிப்பவர்களுக்கு விதிவிலக்கு. முதல் தடவை போகிறவர் இந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம்.

மஞ்சள்வெயில் | 16 நவம்பர், மதியம் 12.25

கேமரா பற்றி மொத்தமா எழுதிடுறேன், தனித்தனியா கேட்காதீங்க.

முக்காலி உள்ளே விடமாட்டாங்க. இரவுப் படத்துக்குக் கேமராவைக் கண்ணாடி ஓரச் சட்டத்தில் ஊன்றி, இரண்டு வினாடி டைமர் போட்டு எடுங்க. கையில் பிடிக்கிறதா இருந்தா 1/30 வினாடி, ஐஎஸ்ஓ 1600இல் தொடங்கலாம்.

கண்ணாடியில் விழும் பிம்பம்தான் பெரிய எதிரி, முக்கியமா இருட்டிய பிறகு. லென்ஸை ஒரு ரப்பர் ஹுட்டோடு கண்ணாடியில் ஒட்டி வைங்க. ஹுட் இல்லைன்னா கறுப்புத் துணியை லென்ஸைச் சுற்றிப் பிடிங்க. போன்னா பின்பக்கத்தை முழுசாகக் கண்ணாடியில் அழுத்திடலாம். சாய்ச்சுப் பிடிச்சா இடுக்கில் வெளிச்சம் புகுந்துடும். பளபளப்பான வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீங்க, படத்தில் நீங்களே பேயாத் தெரிவீங்க.

போலரைசர் வடிகட்டி பிம்பத்தைக் குறைக்கும்னு கொண்டுபோவாங்க. சூடேற்றிக் கடினப்படுத்திய கண்ணாடியில் உள்ளழுத்தம் இருக்கும். போலரைசர் அதை வானவில் திட்டுகளா காட்டிக் கொடுத்துடும். கழற்றிப் பையில் போடுங்க.

124இல் வெளித்தளம் ஒண்ணு இருக்கு. அங்கே கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் குறுகலான இடைவெளி உண்டு, லென்ஸையோ போனையோ வைக்கத் தோதான அகலம். பிம்பமும் கிடையாது, கண்ணாடி அழுக்கும் கிடையாது. மணிக்கட்டில் வார் மாட்டாம போனை அந்த இடைவெளிப் பக்கமே கொண்டுபோகாதீங்க.

பாம் பக்கம் எடுக்க 70 முதல் 200 மி.மீ. வரையுள்ள லென்ஸ், காலையிலேயே. மதியத்துக்கு மேல் சூடான காற்று நெளியும். ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்த நெளிவு போகாது.

லிஃப்ட்காரன் | 16 நவம்பர், மதியம் 2.10

வெளித்தளம் எப்பவும் திறந்திருக்கும்னு நம்பாதீங்க. காற்று பலமா அடிச்சாலோ தூசி கிளம்பினாலோ கதவைச் சாத்திடுவாங்க.

மஞ்சள்வெயில் | 16 நவம்பர், மதியம் 2.44

இன்னொண்ணு: சூரியன் எங்கே விழும். டிசம்பரில் மேற்கு-தென்மேற்கில், பாமுக்குச் சற்று வலது பக்கம் இறங்கும். கடலும் கரையும் ஒரே படத்தில் கிடைக்கும். ஜூனில் வேர்ல்டு தீவுகளையும் தாண்டி வடக்கே, முழுக்கக் கடல் மேலே. டிசம்பர்தான் படத்துக்கு நல்லது.

எல்லாரும் மேற்கே முட்டிக்கிட்டு நிற்கும்போது எதிர்ப்பக்கம் போங்க. சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 828 மீட்டர் கோபுரத்தின் நிழல் 4.7 கிலோமீட்டர் நீளும். டிசம்பரில் வடகிழக்கே ஊர் மேல் விழும். அங்கே இடம் பிடிக்கச் சண்டையே இல்லை.

அளவுகோல் | 16 நவம்பர், மாலை 3.30

நிழலின் நுனி அந்தத் தூரத்தில் தெரியாது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலத் தட்டு. 4.7 கிலோமீட்டருக்கு அப்பால் நிழலின் விளிம்பு 40 மீட்டருக்கு மேல் கலங்கிவிடும், கோபுர உச்சியின் மெல்லிய ஊசி அதற்குள் கரைந்துபோகும். தடித்த உடல்பகுதியின் நிழல் தெளிவாக இருக்கும்.

ஊசி என்றதும் ஒன்று. 148இல் நின்றால் உச்சி என்று நினைக்க வேண்டாம். தலைக்கு மேலே இன்னும் 273 மீட்டர் இருக்கிறது, 124இல் 376. குடியேறத்தக்க கடைசி மாடியே 585 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஊசிக்கும் கருவிகளுக்கும்.

பாலைக்குருவி | 16 நவம்பர், இரவு 8.20

உலகிலேயே உயரமான பார்வைத் தளம், உலகிலேயே வேகமான லிஃப்ட் என்பதாவது நிஜமா, அதுவும் போச்சா?

லிஃப்ட்காரன் | 16 நவம்பர், இரவு 8.55

போச்சு. 148ஐ 2014இல் திறந்தபோது பட்டம் அவங்களோடது. பிறகு ஷாங்காய் டவர் 561 மீட்டரில் தளம் போட்டாங்க. லிஃப்டில் தைப்பே 101 வினாடிக்கு 16.8 மீட்டர் என்று 2004லேயே முந்திடுச்சு, ஷாங்காய் டவரில் 20.5. புர்ஜின் 10 மீட்டர் நடுத்தரம்தான். காதுக்கு அதுவே நல்லது.

காது அடைப்பு பற்றி: 452 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் 5 சதவீதம் குறையும். அளவு பெரிசில்லை, அது நடக்கும் வேகம்தான் பெரிசு. விமானத்தின் உள்ளழுத்தம் மாறுவதைவிட நாலைந்து மடங்கு வேகம். ஏறும்போது நடுக்காதுக் காற்று தானாகவே வெளியே கசியும். இறங்கும்போது காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் உள்ளே போகும், அதனால் இறங்கும்போதுதான் வலிக்கும். தைப்பேயில் இறங்கும் லிஃப்டை வினாடிக்கு 10 மீட்டராகக் குறைச்சு வெச்சிருப்பதும் இதுக்குத்தான். இறங்க ஆரம்பிச்சதும் எச்சில் விழுங்குங்க, அடைச்ச பிறகு விழுங்குவதில் பலன் குறைவு. குழந்தைகளுக்குச் சப்ப ஒரு மிட்டாய். கடுமையான சளி இருந்தால் நாளை மாற்றுங்க.

அளவுகோல் | 16 நவம்பர், இரவு 9.30

இறங்கும் வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஸ்தமனம் முடிந்த கணத்தில் தளத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே லிஃப்ட் வாசலுக்கு வருவார்கள். சூரியன் விளிம்பைத் தொடும்போதே கிளம்பிவிட வேண்டும், அல்லது ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்ப வேண்டும். நடுவில் கிளம்புவது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான்.

மஞ்சள்வெயில் | 16 நவம்பர், இரவு 9.41

ஒரு மணி நேரம் கழித்து. அஸ்தமனத்துக்குப் பிறகு 15 முதல் 25 நிமிஷம் வரைக்கும்தான் வானத்து நீலமும் ஊர் விளக்கும் சமமா இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை விட்டுட்டு வரிசையில் நிற்கிறதா?

ஏரி நீரூற்றும் இருட்டிய பிறகு தொடங்கிடும். மேலிருந்து பார்த்தா கோலம் மாதிரி வட்டமும் வளைவும் தெளிவாத் தெரியும், ஆனா இசை கேட்காது. இறங்கிக் கரையில் ஒரு ஆட்டம் பார்த்துடுங்க.

பாலைக்குருவி | 17 நவம்பர், காலை 10.05

என் கட்சி கரைந்துவிட்டது. ஆனால் 148க்கு ஒரு நியாயமும் இல்லையா?

அளவுகோல் | 17 நவம்பர், காலை 11.15

இருக்கிறது. தனி வரிசை, குறைந்த கூட்டம், உட்கார நாற்காலி, குடிக்க ஏதாவது. அங்கே ஒரு வெளித்தளமும் உண்டு. முடித்துவிட்டு 125, 124க்கும் இறங்கி வரலாம். முதியவர்களோடு போகிறவர்கள், நெரிசல் பிடிக்காதவர்கள் தாராளமாக எடுக்கலாம். வாங்குவது உயரத்தை அல்ல, இடவசதியை. அந்தக் கணக்கில் பார்த்தால் விலை நியாயம்தான்.

ஆனால் எந்த மாடிக்குப் போனாலும் ஒரு குறை தீராது: துபாயின் வான்கோட்டில் முதன்மையான கட்டடம் புர்ஜ். அதற்குள் நின்றால் அது படத்தில் வராது. புர்ஜோடு ஊரைப் பார்க்க ஸபீல் பூங்காவிலுள்ள துபாய் ஃப்ரேம் இருக்கிறது, 150 மீட்டர், 2018இல் திறந்தது.

லிஃப்ட்காரன் | 17 நவம்பர், மதியம் 12.02

மெட்ரோவில் வருபவர்களுக்கு. நிலையத்தின் பெயர் 'புர்ஜ் கலீஃபா / துபாய் மால்'. பெயரைப் பார்த்து வாசலில் இறங்குவோம்னு நினைக்கக்கூடாது. நிலையத்திலிருந்து மால் வரைக்கும் மேல்நடைபாதையே முக்கால் கிலோமீட்டருக்கு மேல, நகரும் பட்டைகள் உண்டு. மாலுக்குள் நுழைந்தபின் கீழ்த்தளத்து நுழைவிடம் வரைக்கும் இன்னொரு நடை. ரயிலை விட்டு இறங்கிய நேரத்திலிருந்து அரைமணி வெச்சுக்கங்க. வாடகைக் காரில் வந்தால் ஓட்டுநரிடம் 'புர்ஜ் கலீஃபா'ன்னு சொல்லாதீங்க, குடியிருப்பு வாசலில் கொண்டுபோய் விட்டாலும் விடுவார். துபாய் மால்னு சொல்லுங்க. பெரிய பெட்டியோடு வராதீங்க, உள்ளே விடமாட்டாங்க.

பாலைக்குருவி | 17 நவம்பர், மதியம் 12.40

124, வார நாள், 3.30 ஸ்லாட், முந்தைய மாலை மெட்டார் பார்த்துவிட்டு. வேறு ஏதாவது?

மஞ்சள்வெயில் | 17 நவம்பர், மதியம் 12.52

கண்ணாடி துடைக்க ஒரு துணி. வெளிப்பக்க அழுக்கு உங்க கையில் இல்லை, உள்பக்கத்தில் நூறு பேரின் நெற்றிக் கறை இருக்கும்.